நாலு ரூபாய் மூலை

அத்தியாயம் 5

இரத்தோட்டைக்கு ஏறும் பாதையில் மோகனராஜின் ஆட்டோ இரண்டு தடவை நின்றுபோனது. மோகனராஜின் வாய் ஒரு தடவைகூட நிற்கவில்லை.

“பத்து லட்சமாம் மிஸ்! ஒரு சித்திரக்கதைப் புத்தகம் பத்து லட்சம்! அதை வாசிச்சதுக்காக எங்க அண்ணனுக்கு அப்பா பெல்ட்டால அடிச்சாரு. இப்ப உயிரோட இருந்தா அந்த பெல்ட்டால தன்னையே அடிச்சிக்குவாரு.”

பின்சீட்டில் இருந்த பஹ்மிதா சிரிக்கவில்லை. காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் பதினொரு வருடம் பொய்க் கோரிக்கைகளை மோப்பம் பிடித்துவிட்டு, இப்போது மாத்தளை டவுனில் ஏலக்காய்க் கடை ஒன்றின் மேல்மாடியில் சொந்தமாகத் துப்பறியும் கந்தோர் வைத்திருப்பவள். மோகனராஜ் அவளுக்குச் சாரதி, எடுபிடி, சம்பளம் கேட்காத மாதங்களில் பங்காளி. அவன் பேச்சுக்கு அவள் பத்துக்கு ஒரு தடவையாவது சிரிப்பாள். இந்தக் கேஸ் வந்ததிலிருந்து அந்த ஒன்றும் இல்லை.

சிரிக்க என்ன இருக்கிறது? பலாபத்வலயில் பேப்பர் ஏஜென்ட் ஜுனைதீன் முதலாளி, எழுபத்தொரு வயது, திங்கட்கிழமை பின்னேரம் தன் கடைப் பரண் படிக்கட்டின் அடியில் மண்டை உடைந்து செத்துக் கிடந்தார். பக்கத்தில் கை முழுக்க இரத்தத்தோடு உட்கார்ந்திருந்தவன் மருமகன் றிகாஸ். முதலாளியும் அவன் குடும்பமும் ஒன்றாக இருந்த வீட்டைச் சோதித்தபோது ‘செம்பருந்து’ என்ற பழைய சித்திரக்கதையின் முப்பத்தோராம் இதழ் இருபத்திரண்டு பிரதி கிடைத்தது. அந்த இதழ் என்ன விலை போகிறது என்று போனில் தேடிப் பார்த்த பொலிசுக்குக் கண் பிதுங்கிவிட்டது. அன்று இரவே றிகாஸ் உள்ளே. பொலிசைச் சொல்லிக் குற்றமில்லை. கேட்டதற்கெல்லாம் அந்த மனிதன் வாயைத் திறக்காமல் இருந்தால் அவர்களும் என்னதான் செய்வார்கள்? தன் சட்டத்தரணியிடம்கூட அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

நாளை வெள்ளிக்கிழமை மறுபடியும் கோர்ட். கையில் ஒன்றும் இல்லாமல் போனால் றிகாஸ் ரிமாண்டிலேயே கிடக்க வேண்டியதுதான். “அவர் செய்யல்ல மிஸ், சத்தியமா செய்யல்ல” என்று நேற்று அழுது முற்பணம் கொடுத்துவிட்டுப் போனவள் அவன் மனைவி ஹமீமா. செத்தவரின் ஒரே மகள். ஒரு பக்கம் வாப்பாவை அடக்கிவிட்டு மறுபக்கம் புருஷனுக்காக ஓடுகிறவளைப் பார்த்ததும் மோகனராஜுக்கு மனசு கேட்கவில்லை. எப்படியாவது அந்த மனுஷனை வெளியே எடுத்துக் கொடுத்துவிட வேண்டும் என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான்.

“இதப் பாரு” என்று பஹ்மிதா முன்னால் நீட்டினாள். அந்த இருபத்திரண்டில் ஒன்று. பொலிசிடம் கெஞ்சிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தது.

மோகனராஜ் ஓரங்கட்டி நிறுத்திவிட்டுப் பார்த்தான். அட்டையில் செம்பருந்து முகமூடியோடு பறந்துகொண்டிருந்தான். வலது மேல் மூலையைக் காணவில்லை.

“எலி கடிச்சிருக்கு.”

“எலி அடிமட்டம் வச்சுக் கடிக்காது. வெட்டினது. பேப்பர் ஏஜென்ட்மார் வழக்கம் உனக்குத் தெரியாதா? விக்காத புத்தகத்த முழுசா கொழும்புக்குத் திருப்பி அனுப்ப லொறிக் கூலி யாரு குடுக்கிறது? விலை போட்ட மூலைய மட்டும் வெட்டி கவர்ல போட்டு அனுப்பினாப் போதும். அங்க மூலைய எண்ணிக் கழிச்சிக்குவாங்க. மிச்சப் புத்தகம் ஏஜென்டுக்குச் சும்மா.”

“அப்போ பொலிஸ் எடுத்த இருபத்திரண்டும்?”

“எல்லாம் மூலை இல்லாதது. பேத்திக்கு வாசிக்கக் குடுத்திருக்கார். பிள்ளை உள்ள கலர்கூட அடிச்சிருக்கு. கடைக்குக் குடுத்தா வடை சுத்துவாங்க.”

மோகனராஜ் விசில் அடித்தான். “சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்க. இங்க புத்தகம் ஓசி, மூலை பத்து லட்சமா!”

“அதேதான். சிவகாசியில ஒரே ஒரு மாசம் நம்ம நாட்டுக்குன்னு தனியா அடிச்சாங்க. அதே கதை, அதே அட்டை. இந்தியப் பிரதியில ‘ரூ. 1.75’. நம்ம பிரதியில ‘இலங்கை விலை ரூ. 4’. இந்திய விலை போட்டது இன்னைக்கும் மூவாயிரத்துக்குக் கிடைக்கும். நாலு ரூபா போட்டது உலகத்துலயே நாலு பேர்கிட்டதான் இருந்தது.”

“ஏன் அடுத்த மாசம் அடிக்கல்ல?”

“அது எண்பத்து மூணு ஜூலை.”

மோகனராஜ் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தான்.

“கொழும்பு டிப்போ கட்டுக்கட்டா எரிஞ்சு போச்சு” என்றாள் பஹ்மிதா. “மலைநாட்டு ஏஜென்ட்மாருக்கு அதுக்கு முந்தியே வந்து சேர்ந்த சில கட்டுத்தான் மிச்சம். ஜுனைதீன் முதலாளி இருபத்திரண்டு மூலைய வெட்டி கவர்ல போட்டிருக்கார். அந்தக் கவர்ல பாதி இன்னைக்கு காலையில பரண் சாக்குக்குப் பின்னால கிடைச்சது. முத்திரை ஒட்டியிருக்கு, தபால் சீல் விழல்ல. அனுப்பிறதுக்கு அந்தப் பக்கம் கடையே இல்லாமப் போச்சே. நாப்பது வருஷமா அந்தக் கவர் பரண்லயே இருந்திருக்கு. இப்ப மூலை ஒண்டும் இல்ல.”

“யாருகிட்ட?”

“நாப்பது வருஷத்துல மொத்தம் நாலு பிரதிதான் வெளிய வந்தது. அதுக்கு மேல இந்த மூணு மாசத்துல மட்டும் புதுசா மூணு. மூணையும் வித்தது ஒரே ஆள். நாலாவதுக்கு நேத்து விளம்பரம் போட்டிருக்கான்.”

மோகனராஜ் எஞ்சினை உதைத்தான். மூன்றாம் உதையில் அதற்கும் ஆர்வம் வந்துவிட்டது.

சசிக்குமாரின் கடை இரத்தோட்டை பஸ் தரிப்பிடத்துக்கு எதிரே இருந்தது. போட்டோ பிரேம் போடும் கடை. முன்னால் கல்யாண ஜோடிகள், சாமி படங்கள், செத்துப்போனவர்களின் மாலை போட்ட படங்கள். பின்னால் குளிரூட்டி போட்ட சின்ன அறை. அங்கேதான் செம்பருந்துக்குக் கோயில். ஐம்பது வயது மதிக்கத்தக்க சசிக்குமார் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, தடித்த பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்த இதழ் ஒன்றை இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். பேழையின் தலையில், பிரதி எவ்வளவு புதுசாக இருக்கிறது என்று காட்டும் தர இலக்கம் ஒட்டியிருந்தது.

“வெளிய சாமி படத்துக்குக்கூட நீங்க கையுறை போடல்லியே பாஸ்” என்றான் மோகனராஜ்.

“சாமி படம் திரும்ப அச்சடிப்பாங்க தம்பி. இது அடிக்க மாட்டாங்க.”

பஹ்மிதா கொழும்பிலிருந்து வந்த வைத்தியரின் மனைவி போல முகத்தை வைத்துக்கொண்டாள். “என்ன விலை சொல்றீங்க?”

“அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி நாப்பதாயிரங்க. போன வருஷம் நாலு லட்சம். தைப்பொங்கலுக்குச் சென்னையில ஒருத்தர் எட்டு குடுத்தாரு. இப்ப பத்துக்குக் கீழ பேச்சே இல்ல. இன்னும் ஏறும்.”

“ஏன் இப்படி ஏறுது?”

“இல்லாததுக்குத்தாங்க விலை. கொழும்புல எரிஞ்சு போச்சே. அன்னைக்கு எரிஞ்சது எவ்வளவோ, அவ்வளவுக்கு மிஞ்சினது விலை ஏறும். எரிஞ்சதும் ஒருவிதத்துல நல்லதுதான்.”

மாத்தளையில் அதே ஜூலையில் எரிந்த கடைகளில் மோகனராஜின் அப்பாவின் புடவைக்கடையும் ஒன்று. அதற்குப் பிறகு அவர் சாகும்வரை வேறு ஒருவர் கடையில் துணி மடித்துக் கொடுத்தார். எரிந்தது நல்லது என்று ஒரு மனிதன் முகத்துக்கு நேரே சொல்லிக் கேட்டது அவனுக்கு இதுதான் முதல் தடவை. கன்னத்தில் ஒன்று விடலாம் என்று கை பரபரத்தது. பஹ்மிதா திரும்பிப் பார்த்த பார்வையில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

“உள்ள திறந்து பாக்கலாமா?” என்று அவள் கேட்டாள்.

“ஐயோ! பேழைய உடைச்சா மதிப்புப் போயிடுங்க. யாருமே திறக்க மாட்டாங்க.”

“பத்து லட்சம் குடுத்து வாங்கிறவர் வாசிக்க மாட்டாரா?”

“வாசிக்கிறதுக்கா இத வாங்கிறது?”

“அதுதானே எனக்கும் சந்தேகம்” என்று சொல்லிக்கொண்டே, பிரேம் வெட்டும் மேசையில் கிடந்த கத்தியை எடுத்துப் பேழையின் விளிம்பில் இறக்கினாள் பஹ்மிதா. சசிக்குமார் போட்ட சத்தத்தில் வெளியே சாமி படம் ஒன்று ஆடியது. மோகனராஜ் சந்தோஷமாக அவருக்கும் மேசைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டான். பத்து லட்சம் ‘டப்’ என்று இரண்டாகப் பிளந்தது.

பஹ்மிதா இதழின் அட்டையைப் புரட்டினாள். அட்டையின் உட்பக்கத்தில் குறுக்கெழுத்துப் போட்டி. பிறகு தன் பையிலிருந்த மூலையில்லாப் பிரதியின் அட்டையையும் புரட்டிப் பக்கத்தில் வைத்தாள். அதன் உட்பக்கத்தில் ‘யானைக்கு வர்ணம் தீட்டுங்கள்’ என்று ஒரு போட்டி. ஜுனைதீனின் பேத்தி யானைக்கு ஊதா நிறம் அடித்திருந்தாள். தும்பிக்கையின் நுனி, வெட்டிய மூலையோடு போயிருந்தது.

“இலங்கைப் பிரதியில உள்பக்கம் யானை, இந்தியப் பிரதியில குறுக்கெழுத்து” என்றாள் பஹ்மிதா. “உங்க பிரதியில நாலு ரூபா மூலைக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாருங்க.”

மோகனராஜ் எட்டிப் பார்த்தான். குறுக்கெழுத்துக் கட்டங்களின் மூலையில், ஒட்டுத் தெரியாமல் ஒட்டிய துண்டில், ஒரு தும்பிக்கை நுனி மட்டும் சுருண்டுகொண்டு நின்றது.

“யானை விலை, குதிரை விலைன்னு சும்மாவா சொன்னாங்க” என்றான் மோகனராஜ். “யானைய நுனி நுனியா விக்கிறீங்களே பாஸ்!”

“மூலையும் அசல், புத்தகமும் அசல்” என்றாள் பஹ்மிதா. “ரெண்டுக்கும்தான் சம்பந்தமில்ல. மூவாயிரத்துக்கு இந்தியப் பிரதி வாங்கி, மூலைய மாத்தி, உள்பக்கம் யாரும் பாக்காம இருக்கப் பேழையில அடைச்சிருக்கீங்க. விலைய மட்டும் பாக்கிறவன் பின்பக்கம் திருப்ப மாட்டான்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். இப்ப சொல்லுங்க. திங்கட்கிழமை ஜுனைதீன் முதலாளிகிட்ட மூலைய எப்படி வாங்கினீங்க? தள்ளிவிட்டா?”

சசிக்குமார் கையுறையைக் கழற்றி மேசையில் போட்டார். “நான் பலாபத்வலக்கே போனதில்லைங்க! எனக்கு மூலை பஸ்ல வரும். மாத்தளை ஸ்டாண்டில யாரோ கண்டக்டர்கிட்ட குடுப்பாங்க. ஒண்டுக்கு அஞ்சாயிரம்னு அதே பஸ்ல காசு அனுப்புவேன். பேச்செல்லாம் மெசேஜ்தான், ஆளப் பாத்ததில்ல. முதலாளிதான் அனுப்புறார்னு நெனச்சேன். எட்டு மூலை வந்திச்சி. அப்புறம்...”

“அப்புறம்?”

“அவர் செத்துட்டார்னு புத்தகம் சேர்க்கிறவங்க குரூப்ல போட்டாங்க. போட்ட அப்புறமும் ஒரு பார்சல் வந்திச்சிங்க. ஒரேயடியா பதினாலு மூலை. காசு அவசரம்னு மெசேஜ், அதையும் அனுப்பிட்டேன். பயத்துல ரெண்டு நாளா நான் அதத் தொடவே இல்ல.”

“செத்தவர் பார்சல் அனுப்பினாரா?” என்றான் மோகனராஜ். ஆனால் குரலில் கிண்டல் பாதிதான் இருந்தது.

சசிக்குமார் மேசை லாச்சியைத் திறந்து எடுத்து நீட்டினார். செய்தித்தாளில் சுற்றிய சின்னப் பொட்டலம். நூலும் இல்லை, பசையும் இல்லை. ஒரு மடிப்பு இன்னொரு மடிப்புக்குள் செருகி இறுகி நின்றது. பஹ்மிதா அதைப் பிரித்தாள். உள்ளே சின்னச் சின்ன முக்கோணமாய்ப் பதினான்கு மூலை. ஆனால் அவள் மூலைகளைப் பார்க்கவில்லை. சுற்றியிருந்த தாளை மேசையில் நீவி விரித்துப் பார்த்தாள்.

“எப்ப வந்தது?”

“செவ்வாக்கிழமை பகல் ரெண்டு மணி பஸ்ல.”

“மோகன், நீ வாங்கிற பேப்பர எப்ப குப்பையில போடுவே?”

“குப்பையிலயா? நான் பாத்து, பக்கத்து வீட்டுக்காரர் இரவல் வாங்கி, மரண அறிவித்தல் பாத்து, அப்புறம் அலுமாரித் தட்டுக்கு விரிச்சு... ஒரு மாசம் போகும் மிஸ்.”

“இது செவ்வாக்கிழமை பேப்பர். செவ்வாக்கிழமையே சுத்தியிருக்கு. ஒருத்தரும் விரிச்சுப் பாக்காத, மடிப்புக் கலையாத பேப்பர். காசு குடுத்து வாங்கினவன் வாசிக்காமச் சுத்துவானா? அன்றைய பேப்பர அன்றைக்கே பொட்டலம் கட்டுற பழக்கம் ஒரே ஒரு வீட்டுலதான் இருக்கும். கட்டுக்கட்டா வந்து இறங்குற வீட்டுல. அவங்களுக்கு அது வெறும் கடதாசி. இந்தச் செருகல் மடிப்பும் ஏஜென்ட் மடிப்புத்தான். சைக்கிள்ல இருந்து வீட்டுக்குள்ள எறிய மடிக்கிறது.”

மோகனராஜ் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான். “அப்போ நாம வென்றோம் மிஸ்! திங்கட்கிழமை ராத்திரியே றிகாஸ் உள்ள. செவ்வாக்கிழமை பேப்பர்ல அவர் எப்படிப் பொட்டலம் கட்டுவாரு? நாளைக்கே வெளிய வந்திருவாரு! அந்த வீட்டுல...”

அங்கேயே அவன் வாய் நின்றுவிட்டது.

அந்த வீட்டில் செவ்வாய்க்கிழமை யார் இருந்தார்கள்? முதலாளியின் மையித்து பரிசோதனைக்காக ஆஸ்பத்திரியில். மருமகன் பொலிசில். பேத்திக்கு ஏழு வயது.

“நேத்து நமக்குத் தந்த முற்பணம்” என்றாள் பஹ்மிதா, தாளை மெதுவாக மடித்துக்கொண்டே, “இந்த மூலைக் காசுதான் மோகன்.”

மோகனராஜ் ஆட்டோவைப் பலாபத்வலக்குத் திருப்பினான். வழி முழுக்க, ஹமீமாவை எப்படியாவது காப்பாற்ற முடியுமா என்று யோசித்து யோசித்துப் பார்த்தான். பழியைச் சசிக்குமார் மேல் போட்டால் என்ன? எரிந்தது நல்லது என்று சொன்ன ஆள்தானே? அப்படி நினைத்ததற்காகப் பிறகு தன்மேலேயே அவனுக்குக் கோபம் வந்தது.

கடைக்கதவு பாதி சாத்தியிருந்தது. வாசலில் அன்றைய பேப்பர்க் கட்டு கயிறு அவிழ்க்காமல் கிடந்தது. ஸலாம் சொல்லி உள்ளே போனதும் ஹமீமா கதிரையை விட்டு எழும்பினாள். பிள்ளையை மாமி வீட்டில் விட்டிருக்கிறாளாம்.

“அந்த சசிக்குமார்தானே மிஸ்? அவன்தானே?” ஆவலோடுதான் கேட்டாள்.

பஹ்மிதா பதில் சொல்லாமல் செவ்வாய்க்கிழமைப் பேப்பரை மேசையில் வைத்தாள். அதன் மடிப்புத் தடங்கள் அப்படியே இருந்தன. ஹமீமா அதைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். கதிரையில் திரும்ப உட்கார்ந்தாள்.

“அவர விட்டுருவாங்களா?” என்று கேட்டாள்.

“நீங்க போய்ச் சொன்னா விடுவாங்க.”

“அவருக்குத் தெரியும் மிஸ். அவர்தான் உள்ள வந்து பாத்தாரு. ‘நீ பின்வழியால வீட்டுக்குப் போ, பிள்ளை ஸ்கூல் விட்டு வரும், நான் பாத்துக்கிறேன்’னாரு. அதுக்கப்புறம் யாருகிட்டயும் வாயத் திறக்கல்ல. எனக்கு அதுதான் தாங்க முடியல்ல. உங்கட்ட வந்தது அதுக்குத்தான். நீங்க தேடினா யாராவது ஒருத்தன் கிடைப்பான்னு நெனச்சேன். அவரும் இல்லாம, நானும் இல்லாம, வேற ஒருத்தன்.”

மோகனராஜ் சுவரைப் பார்த்தான். ஆட்டோவில் வரும்போது அவன் நினைத்ததும் அதைத்தானே.

“மூலைய ஏன் வித்தீங்க?” பஹ்மிதாவின் குரல் கடுமையாக இல்லை.

“அவர கட்டாருக்கு அனுப்ப ஏஜென்சிக்குக் கட்டணும். பரண்ல சும்மா கிடந்த கடதாசித் துண்டுதானே. வாப்பாக்குத் தெரியப் போறதில்லன்னு நெனச்சேன். திங்கட்கிழமை வாப்பாக்கு யாரோ போன்ல படம் அனுப்பியிருக்கான். நாலு ரூபாப் பிரதி இன்னொண்டு வந்திருக்குன்னு. பரணுக்கு ஏறிக் கவர எடுத்து எண்ணிப் பாத்தாரு. ‘இது திருப்பி அனுப்ப வச்ச சாமான், விக்கிற சாமான் இல்ல. வாங்கின எல்லாருக்கும் சொல்லப்போறேன், ஒட்டுப் புத்தகம்னு’ன்னாரு. நான் கவரப் பிடிச்சேன். அவர் விடல்ல. படியில நிண்டு ரெண்டு பேரும் இழுத்தோம். கிழிஞ்சிச்சி.”

அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை என்று மோகனராஜ் நினைத்தான். பஹ்மிதாவும் அப்படித்தான் நினைத்திருப்பாள். அவள் கைப்பையை எடுத்துக்கொண்டாள். ஆனால் ஹமீமா முடிக்கவில்லை.

“விழுந்ததும் வாப்பா மவுத்தாகல்ல மிஸ். உயிர் இருந்திச்சி.”

பஹ்மிதா கைப்பையைத் திரும்ப மேசையில் வைத்தாள்.

“மூலை எல்லாம் படி முழுக்கச் சிதறிப் போச்சி. காத்துல பறக்குது. நான் மொதல்ல அதத்தான் பொறுக்கினேன். குனிஞ்சு குனிஞ்சு ஒவ்வொண்டா எடுத்தேன். பதினாலும் சரியா இருக்கான்னு எண்ணினேன். எண்ணி முடிக்கிற வரைக்கும் அவர் மூச்சு வாங்கிறது கேட்டுக்கொண்டே இருந்திச்சி. அதுக்கப்புறம்தான் கிட்டப் போய்ப் பாத்தேன்.” அவள் தலையை நிமிர்த்தினாள். கண்ணில் ஈரம் இல்லை. “மிஸ், ஒண்டு மட்டும் சொல்லுங்க. பொறுக்காம அப்பவே ஆம்புலன்ஸுக்கு போன் எடுத்திருந்தா, நேரத்துக்கு வந்திருக்குமா?”

மாத்தளை ஆஸ்பத்திரி அங்கிருந்து கால் மணித்தியாலம். பொய் சொல்லுங்கள் மிஸ், இந்த ஒரு தடவை மட்டும் பொய் சொல்லுங்கள் என்று மோகனராஜ் மனதுக்குள் கெஞ்சினான்.

“வந்திருக்கும்” என்றாள் பஹ்மிதா.

ஹமீமா தலையை ஆட்டினாள். முந்தானையை இழுத்துத் தலையை மூடிக்கொண்டு, அவர்களுக்கு முன்னால் நடந்துபோய் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தாள்.